இரண்டாவதை மட்டும் சேர்த்தேன்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது தம்பி. வீட்டில் என் நாற்காலிக்கு ஒரு சக்கரம் சுற்றாது, இழுத்தால் முரண்டு பிடிக்கும். மாற்றித் தரச் சொல்லி மகனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவன் பல் டாக்டர். அவனுடைய கிளினிக்கில் போட்டிருக்கிற நாற்காலி பட்டனைத் தட்டினால் படுக்கையாகிவிடும். பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர்களுக்குக் கிடைக்கிற சொகுசு பெற்றவளுக்கு இல்லை. போகட்டும்.

அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றுதானே என்னைக் கூப்பிட்டீர்கள். முடியாது. சற்று முன்னால் நீங்கள் "அது ஒரு ஆப் மாதிரியாம்மா?" என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, அடியிலிருந்து சொல்ல வேண்டும் என்று. எழுதிக்கொள்ளுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. என் வாழ்நாளில் பாதி, புரியாதவர்களுக்கு விளக்கியே போயிற்று.

ஒரு பெரிய கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பத்துப் பதினைந்து சின்னக் கணினிகள் இருப்பதாகப் பாவனை செய்யலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நம்பும். ஒரே வீட்டின் மாடியில் இருந்துகொண்டு தனிக்குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் மாதிரி. மின்சாரக் கட்டணத்தைக் கீழே இருப்பவள் கட்டுகிறாள் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. இந்தப் பாவனைக் கணினிகளை உண்டாக்க, நிறுத்த, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு மென்பொருள் வேண்டும். நான் எழுதியது அதைத்தான். 'கூடு' என்று பெயர் வைத்தேன். கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தையைக் கதையில் கேட்டிருப்பீர்கள். எங்களுக்கு அது அன்றாட வேலை.

கல்லூரியில் கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதினேன். திறந்த மூலமாக வெளியிட்டேன். அதாவது நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தி அனுப்பலாம். காசு கிடையாது. குறை சொல்வதற்கும் காசு கிடையாது என்பதால் அதைத்தான் எல்லோரும் தாராளமாகச் செய்தார்கள். தண்ணீர்ப் பந்தலில் வந்து நின்று, தம்ளர் ஏன் பித்தளையில் இல்லை என்று கேட்கிற ஜனங்கள். பள்ளிக்கூடம், சரக்குக் கிட்டங்கி, செய்தித்தாள் அலுவலகம், ஆஸ்பத்திரி என்று எங்கெங்கோ கூடு ஓடியது. நன்றி என்று எழுதியவர்கள் எனக்கு நினைவில் இல்லை. இருந்திருந்தால் நினைவிருக்கும்.

கூட்டுக்குள் 'துடைப்பம்' என்று ஒரு பகுதி உண்டு. பாவனைக் கணினியை நீக்கிய பிறகும் அதன் சேமிப்பு வட்டு சில சமயம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். உரிமை கோர யாரும் இல்லாத வட்டுகளைத் தேடிப்பிடித்துப் பெருக்கித் தள்ளுவதுதான் துடைப்பத்தின் வேலை. அதன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் எழுதியது. அழகாக இருக்கும். உங்களுக்குப் புரியாது, ஆனால் அழகாக இருக்கும்.

இனி என் மருமகள். நீங்கள் அவளை மூன்று நாளாக இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவளைக் கண்டுபிடித்ததே நான்தான், அது உங்கள் தாளில் இருக்காது. முகம் தெரியாத யாரோ ஒரு பெண், கூட்டில் இருந்த ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினாள். சுத்தமான கை. அடுத்தடுத்து அனுப்பினாள். இதே ஊர்தான் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தவள் என்னோடு இரண்டு மணி நேரம் பேசினாள், கதவருகே என் மகனோடு இரண்டு நிமிஷம் பேசினாள். கல்யாணம் அவனோடு. நானே பார்த்து எடுத்த மருமகள் என்று நான் பெருமையாகச் சொல்லாத ஆள் கிடையாது.

இதை நீங்கள் மாமியார் மருமகள் சண்டை என்று எழுதிக்கொள்ளப் பார்ப்பீர்கள். வேண்டாம். நாங்கள் படித்தவர்கள். எங்கள் வீட்டில் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. மாடியில் அவள் மேசை, கீழே என் மேசை. படிக்கட்டில் யார் ஏறுவது என்பதற்காகக்கூட நாங்கள் வாய்ச்சண்டை போட்டதில்லை. அவள்தான் எப்போதும் இறங்கி வருவாள்.

அடுத்து அந்த ஆஸ்பத்திரிக்காரர். அங்கே கணினிகளைக் கவனித்துக்கொள்பவர். கூட்டைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேச இணையத்தில் வைத்திருக்கிற எங்கள் பொது அரட்டைப் பக்கத்தில் எதை எழுதினாலும் "ஒரு சின்னச் சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவருக்குச் சின்னச் சந்தேகம் என்றே பெயராகிவிட்டது. கேட்கிற பத்துக் கேள்வியில் ஒன்பதுக்குப் பதில் உதவிப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு தடவை, கூடு மெதுவாக ஓடுவதற்கு அறையின் ஈரப்பதம் காரணமாக இருக்குமா என்று கேட்டார். நான் பதில் எழுதவில்லை. மருமகள் பொறுமையாக எழுதினாள்.

அவர் ஒரு நாள், பாவனைக் கணினி ஒன்றை இடம் மாற்றும்போது துடைப்பத்தை ஓட்டினேன், கணினியையே காணவில்லை, என்று எழுதினார். மின்சாரம் ஏறி இறங்கியதால் இருக்கும் என்று காரணமும் அவரே சொன்னார். உளறல். பயன்படுத்துகிறவரின் தவறு என்று எழுதி அந்தப் புகாரை மூடினேன். பாயும்போது பெருக்கக் கூடாது. யார் பெருக்கச் சொன்னார்கள்?

மருமகள் அதைத் திறந்தாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் திறந்தாள், அதைச் சொல்ல வேண்டும். "அத்தை, அவர் சொல்ற காரணம் தப்பு. ஆனா ஏதோ இருக்கு போல" என்றாள். சில நாள் குடைந்தாள். கண்டுபிடித்தாள். ஒரு பாவனைக் கணினி இங்கிருந்து அங்கே பாயும்போது, சிறிது நேரம் இந்தப் பக்கமும் தன்னுடையது என்று சொல்லாது, அந்தப் பக்கமும் சொல்லாது. அந்த இடைவெளியில் துடைப்பம் வந்தால், அநாதை வட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும்.

இரண்டு திருத்தம் எழுதினாள். முதலாவது காவல்: பெருக்குவதற்கு முன்னால் துடைப்பம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், ஏதாவது பாய்ந்துகொண்டிருந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டாவது வசதி: இனி யாரும் கையால் ஓட்ட வேண்டாம், துடைப்பம் தானாகவே அவ்வப்போது பெருக்கும். முதலாவது இருந்தால்தான் இரண்டாவது பத்திரம். அவளே அதை மேலே எழுதியிருந்தாள். அதற்கும் மேலே இன்னொரு வரி: 'இது ஆரம்பத்திலிருந்தே இருக்கும் பிழை.'

ஆரம்பத்திலிருந்தே. உண்மைதான். நான் மறுக்கவில்லை.

அரட்டைப் பக்கத்தில் எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். ஒருத்தன், கடைசியில் துடைப்பத்தையே பெருக்க ஒரு ஆள் வந்தாச்சு என்று எழுதினான். அடுத்த வெளியீட்டுக்கு அவளே பொறுப்பேற்கட்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். நானும் அவளுக்குத்தான் போட்டேன். அன்று சாப்பிடும்போது மகன் கேட்டான்.

"என்னம்மா, உன் துடைப்பத்துல ஓட்டையாமே?"

பல்லுக்கும் ஈறுக்கும் அப்பால் ஒன்றும் தெரியாதவன். அவள் அவன் கையைத் தட்டி, "சும்மா இருங்க" என்றாள், ஆனால் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

எங்கள் வெளியீட்டு முறையைச் சொல்லிவிடுகிறேன், அது முக்கியம். ஒருவர் எல்லாத் திருத்தங்களையும் ஒன்றாகச் சேர்ப்பார். இன்னொருவர் அதைப் பிரித்துப் பார்த்துச் சரி சொல்லித் தன் கையெழுத்தைப் போடுவார். மின்கையெழுத்து. அது விழுந்தால்தான் உலகம் நம்பி இறக்கிக்கொள்ளும். இரண்டு ஜோடிக் கண் என்பது நான் ஏற்படுத்திய விதி. சேர்ப்பது எப்போதும் நான். இந்தத் தடவை கையெழுத்து அவள்.

நான் முதலாவதை எடுத்து ஓரமாக வைத்தேன். இரண்டாவதை மட்டும் சேர்த்தேன்.

அவ்வளவுதான் செய்தது. பிழையாக ஒரு வரிகூட நான் எழுதவில்லை. முதலாவதோடு அவள் ஒரு சோதனையையும் எழுதி இணைத்திருந்தாள், காவல் இல்லாவிட்டால் கூச்சல் போடுகிற சோதனை. முதலாவது போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. அதனால் எல்லாச் சோதனையும் பச்சை விளக்குக் காட்டின.

அவள் பிரித்துப் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பாள் என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். சரிதான். ஏன் பார்க்கவில்லை என்று அவருக்குப் புரியவில்லையாம். அவருக்கு மாமியார் இல்லை போலிருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு நாள், நான் இறக்கி வைத்த பாத்திரத்தைத் திறந்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு சொட்டு கையில் விட்டுப் பார்த்தாள். "நான் செஞ்சதைச் சோதிச்சுட்டுத்தான் என் பிள்ளைக்குப் போடுவியா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு என் கை பட்டது எதையும் அவள் திறந்து பார்த்ததில்லை, அடுப்பிலும் சரி, கணினியிலும் சரி. இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை விதியில் எழுதியிருக்கிற இரண்டாவது ஜோடிக் கண் அவளுடையது, அது என் விஷயத்தில் பல வருஷமாகவே மூடித்தான் இருந்தது.

வெளியீட்டன்று இறங்கி வந்தாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது, கடைவாய்ப் பல்.

"அத்தை, எல்லாம் சேத்துட்டீங்களா?"

"சேத்து வச்சிருக்கேன். சந்தேகமா இருந்தா நீயே பிரிச்சுப் பாத்துக்கோ."

"உங்களைப் போய் நான் பாக்கறதா" என்றாள். என் தோளுக்குப் பின்னால் நின்றபடியே கையெழுத்தைப் போட்டாள். நான் பார்க்க வேண்டாம் என்று தடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பார் என்றுதான் சொன்னேன்.

அடுத்த நாள் காலையிலேயே சின்னச் சந்தேகம் வந்துவிட்டார். தானாகப் பெருக்குகிற வசதிக்காகத்தான் காத்திருந்தாராம். ஆஸ்பத்திரிக் கணினிகளில் இடமே இல்லையாம். மதியம் புதிய வெளியீட்டைப் போடப்போகிறோம், போடலாமா, என்று கேட்டார். ஒரு பெரிய கணினியில் புதியதைப் போட வேண்டுமென்றால், முதலில் அதிலிருக்கிற பாவனைக் கணினிகளையெல்லாம் அடுத்ததற்குப் பாயவிட வேண்டும். போட்டு முடிந்ததும் அது விழித்துக்கொள்ளும். விழித்தவுடன் துடைப்பம் பெருக்க ஆரம்பிக்கும். அடுத்த பெரிய கணினியிலிருந்து இன்னொரு கூட்டம் பாய்ந்துகொண்டிருக்கும். வேறு யாருக்கும் இது உடனே தோன்றாது. எனக்குத் தோன்றியது.

'தாராளமாகப் போடுங்கள்' என்று எழுதினேன். புகாரை மூடியதைத் தவிர்த்தால், அவருக்கு நான் எழுதிய முதல் பதில் அதுதான். சந்தோஷத்தில் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினார்.

மருமகள் வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். வெளியீடு முடிந்து ஒரு நாளாவது தான் அரட்டைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், யாருக்காவது ஏதாவது ஆனால் என்ன செய்வது, பல் நாளைக்கு இருக்கட்டும் என்றாள்.

"இன்னைக்கே போய் எடுத்துட்டு வா. வலியோட எதுக்கு இருக்கணும்? நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. வலியினாலும் இருக்கலாம். என் மகனே பிடுங்கினான். போனைக்கூட அவன்தான் வாங்கி அணைத்து வைத்தான், வாயில் பஞ்சோடு என்ன பேசப்போகிறாள் என்று.

மதியம் நான் மேசை முன்னால்தான் இருந்தேன். காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு மடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது வந்தது. முதல் தடவையாகச் சின்னச் சந்தேகம் என்று ஆரம்பிக்கவில்லை. மருந்துச் சீட்டுக் கணினியைக் காணவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவுக் கணினியைக் காணவில்லை, நகல் எடுத்து வைக்கிற கணினியும் அதே கூட்டுக்குள்தான் இருந்தது, அதையும் காணவில்லை, யாராவது பேசுங்கள். நகலை அசலோடு ஒரே கூட்டில் குடிவைக்கிற புத்திசாலிகள். இவர்களை நம்பித்தான் நாம் நோயாளியாகப் போய்ப் படுக்கிறோம்.

இந்த இடத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் நிபுணருக்கு இது தெரியாது. துடைப்பம் எதையும் அழிப்பதில்லை. இடம் காலி என்று பலகை மாட்டும், அவ்வளவுதான். புதிதாக யாரும் குடிவரும் வரைக்கும் பழைய சாமான் அப்படியே உள்ளே இருக்கும். எதையும் தொடாமல் அப்படியே நிறுத்துங்கள், எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, மீட்டுவிடலாம். இவ்வளவுதான் பதில். ஒரே வரி.

நான் எழுதவில்லை. வெளியீட்டுப் பொறுப்பு அவளுடையது. ஓட்டுப் போட்டு அவளுக்குத்தானே கொடுத்தார்கள்.

எங்கேயோ வேற்று நாட்டிலிருந்து ஒருவன், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்று யோசனை சொன்னான். அது தவறான யோசனை. திரும்பப் போட்டால் கணினிகள் காலி இடத்தில் எழுத ஆரம்பித்துவிடும், பழைய சாமான் நசுங்கிப்போகும். சின்னச் சந்தேகம் சரி என்றார். செய்யப்போகிறேன் என்றார். நான் ஒரு துண்டை உதறி நான்காக மடித்தேன். அவளுடைய துண்டு. திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். செய்துவிட்டேன், இப்போது ஒன்றுமே இல்லை என்றார்.

இறந்துபோன அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. பித்தப்பைக் கல்லை எடுக்க வந்தவர். அறுவை முடிந்து மயக்கம் தெளியவில்லை. இன்ன மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பில் எழுதியிருந்த பக்கம் காணாமல் போன கணினியில் இருந்தது. நர்ஸ் பக்கத்தைத் தேடினாராம், இல்லையாம், டாக்டரைக் கேட்டாராம், டாக்டர் வழக்கமானதைப் போடச் சொன்னாராம். காகிதத்தில் ஒரு வரி எழுதிக் கட்டில் காலில் கட்டியிருக்கலாம். அந்த அளவுக்கு யாருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் கணினி, கணினிக்குக் கூடு, கூட்டுக்கு நான். ஆனால் என்னை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மருமகள் வாயில் பஞ்சோடு வந்து, அணைத்திருந்த போனைப் போட்டாள். படித்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேராக மாடிக்குப் போனாள். அன்றைக்கே காவலைச் சேர்த்து அடுத்த வெளியீட்டைக் கொடுத்துவிட்டாள். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. முதலாவது திருத்தம் விடுபட்டிருப்பதை அப்போது பார்த்திருப்பாள். பார்க்காமல் எப்படிச் சேர்ப்பாள். இருந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், சர்க்கரை சரியாக இருந்தது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் கையெழுத்தைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனீர்கள். போகட்டும், நிரபராதி என்றால் வெளியே வந்துவிடுவாள் என்று இருந்தேன். வராவிட்டால் கூட்டை நான் பார்த்துக்கொள்வேன் என்றும் இருந்தேன். மூன்று நாள் நன்றாகத் தூங்கினேன். இன்று காலையில்தான் மகன் வந்து, அவள் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று சொன்னான். கண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னான். தன் மனைவி என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று அவனுக்குப் பெருமை வேறு.

உங்கள் தாளை இப்படித் திருப்புங்கள். ஆமாம், இதுதான். "அத்தைக்கு வயசாயிடுச்சு சார். மறந்திருப்பாங்க. அவங்களுக்கு இப்பல்லாம் ஞாபகம் நிக்கறதில்ல, நான்தான் பாத்திருக்கணும். அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க." அதன் கீழே உங்கள் கையெழுத்தில்: மூப்பின் காரணமாக ஏற்பட்ட கவனக்குறைவு.

அவள் நல்லவள் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் பாருங்கள், நான் எழுதியதில் ஓட்டை இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னவள், இப்போது என் தலையிலேயே ஓட்டை என்று அரசாங்கத் தாளில் எழுத வைத்துவிட்டாள். ஞாபகம் நிற்பதில்லையாம். துடைப்பத்தின் எந்த வரியை எந்த வருஷம் எதற்காக எழுதினேன் என்று இப்போதும் சொல்வேன். கேட்டுப் பாருங்கள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பொய் சாட்சி சொன்னதற்கு வேண்டுமானால் திட்டி அனுப்புங்கள். அதற்கு முன்னால் இன்னும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டுச் சாமான் அறையில் மூன்று பழைய கணினிகள் இருக்கின்றன. வெளியீட்டுக்கு முந்தின நாள், இரண்டாவதை மட்டும் சேர்த்த கூட்டை அவற்றில் போட்டேன். உள்ளே பாவனைக் கணினிகளை வைத்து, ஒவ்வொன்றாகப் பாயவிட்டேன், ஒரு ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் செய்வார்களோ அதே வரிசையில். துடைப்பம் வந்தது. ஒன்று விடாமல் பெருக்கியது. தற்செயலாக இருக்கக் கூடாதே என்று மறுபடியும் முதலிலிருந்து செய்து பார்த்தேன். மறுபடியும் பெருக்கியது. பிறகுதான் அவளைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டேன்.

அதனால் கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள் தம்பி. அந்த ஆசிரியை செத்தது என் கவனத்தினால்.